முகத்துவாரத்தில் விட்ட பேர்

மனோரமாவுக்கு வாய் அதிகம். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளையே கேட்டாலும் மறுக்கமாட்டாள். "வாய் இருந்ததாலதான் எம்பொண்ணு இருக்கா, உனக்கின்னா வந்துச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டுவாள். கேட்டவர் அசடு வழிய நிற்க வேண்டியதுதான். ஆனால் அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. அந்தப் பெண் பிழைத்தது நிஜமாகவே அந்த வாயால்தான். ஒரே ஒரு தடவை அந்த வாயைத் திறக்க அவளே பயந்து நின்றாள் என்பதுதான் பல பேருக்குத் தெரியாத சங்கதி.

அவள் பிறந்தது சுண்ணாம்புக்குளத்தில். அவளுடைய நைனாவுக்கு எதிரில் வீட்டில் ஒருத்தர் எதிர்த்துப் பேசக்கூடாது. மனோரமா மட்டும் பேசினாள். அடி விழுந்தது, விழுந்த பிறகும் பேசினாள். கடைசியில் அவர், "இவளைக் கட்டிக்கிறவன் செவிடா இருந்தா நல்லது" என்று சொல்லி வரதனுக்குக் கொடுத்தார். வரதன் செவிடு இல்லை, ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் மூச்சு வாங்குகிற ஆள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த அவன் குப்பத்துக்கு வாழவந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

பெண் பிறந்தது எழுபத்துநாலில். கோமளா என்று பேர் வைத்தார்கள். தவழுகிற வயசு வருவதற்குள் பிள்ளையின் தலை மட்டும் தனியாக வளர ஆரம்பித்தது. உடம்பு சூம்பிக்கொண்டே போக, தலை உப்பிக்கொண்டே வந்தது. நெற்றி நரம்பு பச்சையாகத் தெரிந்தது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. பக்கத்துக் குடிசை பொன்னியம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது தங்குற புள்ள இல்லடி. சும்மா அலையாத. அடுத்ததைப் பாரு" என்றாள்.

"தங்குமா தங்காதானு நீ போய்ப் பாத்துட்டு வந்தியா? வந்திருந்தா வழி சொல்லு, நானும் போய் ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்றாள் மனோரமா. அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியில் ரயில் என்று பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே டாக்டர் விளக்கினார். தலைக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், அது தானாக வடிந்தும் போகும். இந்தப் பிள்ளைக்கு வடிகிற வழி அடைத்துக்கொண்டது. மெல்லிசாக ஒரு குழாயைத் தலைக்குள் வைத்து, தோலுக்கு அடியிலேயே கழுத்து, மார்பு வழியாக இறக்கி வயிற்றில் விட்டால், நீர் வடிந்து உடம்போடு கலந்துவிடும். மனோரமாவுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடினால் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் குப்பத்துக்குள் ஏறும்; ஆம்பளைகள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள். "வாய் அடச்சிக்கிச்சு, வெட்டி விடறீங்க. அதானே? வெட்டுங்க" என்றாள்.

வெட்டினார்கள். தலை வற்றியது. ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் குழாயிலேயே கிருமி புகுந்து பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஒரு மருந்தை ஏற்றும் முன் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க முழங்கைக்குக் கீழே லேசாகக் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவுதான். பிள்ளையின் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு நின்றே போய்விட்டது. நாலைந்து பேர் ஓடிவந்து மீட்டார்கள். அதற்குப் பிறகு வேறு மருந்து கொடுத்து, கெட்ட குழாயை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்து, எழுபத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, "இதுல நம்பர் இருக்குது. எப்ப வந்தாலும் இதை எடுத்துகிட்டு வா. உன் புள்ளையோட உயிர் மாதிரி" என்றாள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் பட்டன் மாதிரி ஒரு குமிழ் இருந்தது. அதை விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓடிவா என்று அழுத்திக் காட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தும் பிள்ளை தேறவில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல், பால் இறங்கவில்லை. அப்போதுதான் மனோரமா அந்தப் பக்கத்து ஜனங்கள் கடைசியாகச் செய்கிற காரியத்தைச் செய்தாள். பிள்ளையை விற்றாள்.

விற்பது என்றால் நிஜமாக விற்பதில்லை. ஒரு பிள்ளையை எமன் குறி வைத்துவிட்டான் என்று தோன்றினால், அதை வேறொரு வீட்டில் கொண்டுபோய், ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். பிள்ளை இனி அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவள் வெறும் வளர்க்கிறவள். வாங்கினவள்தான் பேர் வைக்க வேண்டும். பழைய பேரை அதற்கப்புறம் யாரும் வாயால் சொல்லக்கூடாது, வாங்கினவளுக்குக்கூட அது தெரியக்கூடாது. தேடி வருகிறவன் பழைய பேரைச் சொல்லிக்கொண்டு வந்து, அப்படி ஒரு பிள்ளையே இல்லையென்று ஏமாந்து திரும்பிப் போவான். யாராவது அந்தப் பேரைச் சொல்லிவிட்டால் அவனுக்குக் காது கேட்டுவிடும். இதுதான் கணக்கு.

வாங்கினவள் பழவேற்காட்டில் தெருக்கோடி வீட்டுப் பரக்கத் பீவி. மனோரமாவிடம் வாடிக்கையாக இறால் வாங்குகிறவள். மூன்றும் ஆண்பிள்ளை, பெண் இல்லையே என்ற குறை அவளுக்கு. மனோரமா பிள்ளையை நீட்டியதும் தயங்காமல் மடியில் வாங்கிக்கொண்டு, முறத்தில் தவிட்டைப் போட்டுக் கொடுத்தாள். "கரீமா. என் பொண்ணு பேரு கரீமா. பத்திரமா வளத்துக் குடு" என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

அன்று நீர் கடலுக்கு இறங்குகிற நேரம் பார்த்து மனோரமாவும் வரதனும் முகத்துவாரத்துக்குப் போனார்கள். பழைய பேரில் பிள்ளைக்கு இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீரின் இழுப்பில் விட்டாள். பேர் வைத்த அன்று போட்ட சட்டை, கறுப்பு வளையல், அரைஞாண் கயிறு. கடைசியாக ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள்.

வரதன் வாயைத் திறந்தான். "அது வேணும்னு நர்ஸம்மா..."

"எல்லாத்தையும்விட இதுலதான் அந்தப் பேரு பெருசா எழுதிக் கீது" என்று சொல்லி அதையும் விட்டாள். அவன் அபூர்வமாகப் பேசினான், அவள் வழக்கம்போலக் கேட்கவில்லை.

அந்த வாரமே காய்ச்சல் நின்றது. மருந்து அப்போதுதான் பிடித்தது என்று நீங்கள் சொல்லலாம். மனோரமாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கரீமா வளர்ந்தாள். நடை கொஞ்சம் தாமதம், பேச்சு சீக்கிரம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார், "அப்பா வரதன், அம்மா மனோரமா, பொண்ணு கரீமாவா?" என்று மூக்கைச் சுளித்தார். "ஆமா. எழுதக் கஷ்டமா இருந்தா சொல்லு, ரெண்டு நாள் கழிச்சு வரேன்" என்றாள் மனோரமா. பெண்ணின் கழுத்தோரம் ஓடுகிற குழாயைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்தால், அவரவர் வீட்டு வாசலில் போய் நின்று பெற்றவர்களை ஒரு பிடி பிடிப்பாள். தினமும் பொழுது விடிந்ததும் காதுக்குப் பின்னால் குமிழை அழுத்திப் பார்ப்பாள். உள்ளே போகும், எழும்பும். அப்புறம்தான் கூடையைத் தொடுவாள்.

எண்பத்துமூன்றில், மழை ஓய்ந்த சமயம், ஒரு காலையில் குமிழ் உள்ளே போனது எழும்பவில்லை. இரண்டு நாளாகத் தலைவலி, வாந்தி என்று பெண் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. பொன்னியம்மாள் மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் சொன்னது பொய்த்துப் போயிருந்தும் அவளுக்கு வெட்கமில்லை. "ஒம்போது வருசம் இருந்ததே பெருசு" என்றாள். மனோரமா பதில் பேசவில்லை. அதிலிருந்தே விஷயம் எவ்வளவு மோசம் என்று வரதனுக்குப் புரிந்துவிட்டது. இருவரையும் படகில் ஏற்றி, வாடைக் காற்றில் பாயை விரித்துப் பறந்து கொண்டுபோய்ப் பழவேற்காட்டில் விட்டான். கரீமாவுக்குப் பின்னால் பிறந்த இரண்டு சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்ததால் அவன் திரும்ப வேண்டியிருந்தது. பரக்கத் பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். "என் பொண்ணு, நான் வராம யார் வருவா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடத்தில் முதல் தகராறு. "அம்மா யாரு?" என்று கேட்டார் அங்கே உட்கார்ந்திருந்தவர். "நான்" என்றார்கள் இரண்டு பேரும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே இங்க வந்திருக்கா?" "வந்திருக்கா, குழாய் இங்கதான் வெச்சாங்க." "பேரு?" "கரீமா." தேடச் சொல்லி அனுப்பினார், அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. "வேற பேர் ஏதாவது உண்டா?" மனோரமா உதட்டை இறுக்கிக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள். அவர் புது நம்பர் போட்டு, முதல் தடவை வருகிறாள் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

வார்டில் பெரிய டாக்டர் பெண்ணின் தலையைத் திருப்பிப் பார்த்தார். குமிழை அழுத்தினார். வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் தசரதனிடம், "முதல் தடவையாம். குழாய் என்ன கூடவே பொறந்துச்சா?" என்றார். மனோரமாவிடம் திரும்பினார். "ஏம்மா, பழைய சீட்டு எங்கே?"

"முகத்துவாரத்துல விட்டுட்டேன்."

"தொலைச்சிட்டியா?"

"தொலைக்கல ஐயா. விட்டுட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புரிய வைக்கிற நேரமும் இல்லை. குழாய் அடைத்தது மட்டும் இல்லை, கிருமியும் புகுந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டும், அதற்கு முன் இன்றைக்கு மாலையே மருந்தை ஆரம்பிக்க வேண்டும் என்றார். மனோரமா உடனே, போன தடவை ஒரு மருந்துக்குப் பிள்ளை மூச்சு நின்றதைச் சொன்னாள். "எந்த மருந்து?" என்று கேட்டார். தெரியாது. "சும்மா குத்திப் பாத்ததுக்கே மூச்சு நின்னுடுச்சு ஐயா."  இந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்து இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றுதான் அதுவாக இருக்க வேண்டும், எது என்று பழைய ஃபைலில்தான் இருக்கும் என்றார். "குருட்டாம்போக்கில போட எனக்கு மனசில்லை. போடாமலும் இருக்க முடியாது. போய் ஃபைலைக் கண்டுபிடிங்க."

ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜெசிந்தா என்று ஒரு பெண், மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஃபைல்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். சிடுசிடுப்பான ஆள். "பேரில்லாம நம்பரில்லாம வந்தா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள், ஆனால் எழுந்தாள்.

தேடுவதற்கு இரண்டு வழி உண்டு என்றாள். ஒன்று பேர். இன்னொன்று நோய். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கடைசியாக என்ன நோய் என்று எழுதுகிறாரோ, அதற்குண்டான நம்பரைப் போட்டு அந்த நம்பர் டிராயரில் அட்டையை வைப்பார்கள். தலையில் நீர் கோத்தால் ஒரு நம்பர். வைத்த குழாயே கெட்டுப்போனால் வேறு நம்பர். "உன் பொண்ணுக்குக் குழாய் கெட்டுச்சுன்னு சொல்றியே, அதுல இருக்கணும்." அந்த வருஷத்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளை எதுவும் இல்லை. நீர் கோத்த டிராயரிலும் இல்லை.

"அப்ப இன்னா அர்த்தம்?" என்றாள் மனோரமா.

"கடைசில எழுதினவரு வெறும் காய்ச்சல்னு எழுதியிருப்பாரு. காய்ச்சல், குணமாயிடுச்சு. அந்த நம்பரைப் போட்டு அதுல சேத்திருப்பாங்க." ஜெசிந்தா சுவர் நெடுக அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினாள். "அத்தனையும் அந்த வருஷத்துக் காய்ச்சல். இதுல தேடினா வாரம் ஆகும்."

மனோரமாவுக்கு ரத்தம் கொதித்தது. தலையில் குழாய் வைத்து, அது அழுகி, மறுபடி கிழித்து, மூச்சு நின்று, செத்துப் பிழைத்த பிள்ளையைக் கொண்டுபோய், மழையில் நனைந்து ஜுரம் வந்த பிள்ளைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். "எவன் எழுதினான் அப்படி? குழாய் கெட்டுச்சுன்னு எழுத அவன் கை நோவுதா? காய்ச்சலாம் காய்ச்சல்" என்று கத்தினாள்.  ஜெசிந்தா அவளைப் பார்த்தாள், பரக்கத் பீவியைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டில் இருந்த பேரைப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணை வித்தீங்களா?" என்றாள்.

மனோரமாவின் வாய் அப்படியே அடைத்துப்போயிற்று.

"எங்க பெரியம்மா மவனும் தவிட்டுக்கு வித்தவன்தான்" என்றாள் ஜெசிந்தா. "பழைய பேரைச் சொல்லு. பேர் இருந்தா இப்பவே எடுத்துடுவேன்."

மனோரமா சுவரைப் பார்த்தாள். சொல்ல முடியாவிட்டால் எழுதிக் காட்டு என்றாள் ஜெசிந்தா. மனோரமாவுக்கு எழுதத் தெரியாது. நீங்களாவது சொல்லுங்கள் என்று ஜெசிந்தா பரக்கத் பீவியிடம் திரும்பினாள். அவளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் விற்ற முறையே. விற்பதற்கு முன்னால்கூட பாப்பா என்றுதான் கேட்டிருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பேர் தெரிந்தவள் ஒருத்திதான். அவளுக்கு நாக்கு எழவில்லை.

இத்தனை நாள் யாருக்கும் பயப்படாதவள் அன்றைக்குப் பயந்தாள்.  அந்தப் பேரை விட்ட வாரமே நின்ற காய்ச்சல் அது. சொன்னால், மேலே கட்டிலில் கிடக்கிற பெண்ணைத் தன் வாயாலேயே கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் டாக்டர் குருட்டாம்போக்கில் ஊசி போடுவார். சின்ன வயசில் அந்த முகம் வீங்கி நீலமாகப் போனது கண்ணுக்குள்ளேயே நின்றது. எந்தப் பக்கம் போனாலும் குழி என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"அவன் குழாயைக் காய்ச்சல்னு எழுதித் தொலைச்சான்" என்றாள் மெதுவாக. "நான் பேரைத் தண்ணில விட்டுத் தொலைச்சேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து எம்பொண்ணை இல்லாதவளா ஆக்கிப்புட்டோம். எமன் தேடினாலும் கிடைக்க மாட்டாள்னு பாத்தா, வைத்தியன் தேடினாலும் கிடைக்க மாட்டேங்குறா."

பரக்கத் பீவியைப் பார்த்தாள். "பீவிம்மா, வாங்கினவ நீ. சொல்ல எனக்குப் பாத்யதை இல்லை. சொல்லட்டுமா?"

"எனக்குப் பேரு வேணாம் மனோ, பொண்ணு வேணும்" என்றாள் பரக்கத் பீவி. "சொல்லு. வந்தா ரெண்டு பேரும் நிக்கறோம், வரட்டும்."

"கோமளா" என்றாள் மனோரமா. வெளியே வந்ததே காற்றாகத்தான் வந்தது. ஜெசிந்தா கேட்கவில்லையென்று காதைச் சாய்த்தாள். அவ்வளவுதான், மனோரமாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அந்த அறையே அதிர, "கோமளா. வரதன் பொண்ணு கோமளா. எழுதிக்கோ" என்றாள். வாசலில் போன ஆயா நின்று திரும்பிப் பார்த்தாள்.

ஜெசிந்தா அட்டையை எடுத்தாள். அட்டையிலிருந்து நம்பர், நம்பரிலிருந்து ஃபைல். காய்ச்சல் பெட்டிகளுக்கு அடியில் கயிறு கட்டிக் கிடந்தது. மேல் அட்டையிலேயே சிவப்பு மையில் ஒரு மருந்தின் பேரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. மூவரும் மாடிப்படி ஏறி ஓடினார்கள். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, நர்ஸம்மா தட்டில் எடுத்து வைத்திருந்த மருந்தைப் பார்த்தார். அதே மருந்து. "இதை எடுத்துட்டுப் போங்க, அடுத்ததைக் கொண்டாங்க" என்றார்.  

கெட்ட குழாயை எடுத்தார்கள். கிருமி ஒழிகிற வரைக்கும் தலை நீரைப் பக்கத்தில் தொங்கிய பையில் வடியவிட்டார்கள். நடுவில் ஒரு நாள் காய்ச்சல் மறுபடி ஏறியது. நான்தான் கூப்பிட்டேன், வந்துவிட்டான் என்று மனோரமா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பொம்பளைக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. "இனிமேலாவது அந்தப் பேரைச் சொல்லாத, வாயை மூடிக்கினு இரு" என்றாள். அதுதான் தப்பாகப் போயிற்று. மனோரமாவை வாயை மூடு என்று சொல்லி மூட வைத்தவர் யார் இருக்கிறார்கள்? பெண்ணின் காதோரம் குனிந்து, "கோமளா, ஏய் கோமளா" என்றாள். பிறகு "கரீமா" என்றாள். பரக்கத் பீவியும் சேர்ந்துகொண்டாள். காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி, கூப்பாடு போடாத குறையாகக் கூப்பிட்டார்கள். நர்ஸம்மா வந்து சத்தம் போட்டதெல்லாம் காதில் ஏறவில்லை. வந்து நின்றவன் எவனாக இருந்தாலும், எந்தப் பேர் என்று தெரியாமல் முழித்திருப்பான்.

பிறகு ஒரு காலையில் புதுக் குழாயை வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் பெண் கண்ணைத் திறந்தாள். சின்ன டாக்டர் தசரதன் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றான். இந்த மாதிரி ஆபரேஷன் முடிந்தால் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பாப்பா, உன் பேரு என்ன?"

பெண் அவனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பரக்கத் பீவியைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது, நனைத்துக்கொண்டாள்.

"எந்தப் பேரு?" என்றாள்.

தசரதன் நர்ஸம்மாவிடம், "தன் பேரே தெரியல. குழப்பமா இருக்கா" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தான்.

"தம்பி, இன்னா எழுதுற?" என்றாள் மனோரமா.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. நினைவு குழம்பியிருக்குன்னு எழுதறேன்."

"அந்த வரியை அடி."

"அம்மா, டாக்டர் எழுதறதுல நீங்க தலையிடக்கூடாது."

"நான் தலையிடாம எம்பொண்ணு தலையில யாரு தலையிடுவா?" என்றாள் மனோரமா. எழுந்து நின்றாள். "கேட்டுக்கோ. போன தடவை உன்ன மாதிரி ஒருத்தர், குழாய் கெட்டதைக் காய்ச்சல்னு எழுதினாரு. எத்தினி வருசம் கழிச்சு அது எங்க வந்து நின்னுச்சுன்னு உனக்குத் தெரியும், நீயும்தான் இங்க நின்னே. இப்ப நீ ரெண்டு பேரு இருக்கிறதைக் குழப்பம்னு எழுதற. நாளைக்கு இதைப் படிக்கிறவன் எம்பொண்ணுக்குப் புத்தி சரியில்லன்னு இன்னொரு நம்பர் போட்டு இன்னொரு பெட்டில வெப்பான். அவளுக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. எந்தப் பேருன்னு கேக்கறா. அந்தக் கேள்வியைக் கேக்க எவ்ளோ தெளிவு வேணும்? அடி."

தசரதன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தான். பழையதையும் புதியதையும் ஜெசிந்தா ஒரே கயிற்றில் கட்டி அனுப்பியிருந்தாள்; மேலே இரண்டு பேரும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதியிருந்தது, பக்கத்தில் குழாய் கெட்டதற்குண்டான நம்பர் புது மையில் இருந்தது. அவன் தான் எழுதிய வரியின் மேல் கோடு போட்டான். பிறகு கட்டிலருகே குனிந்தான்.

"சரி பாப்பா. உனக்கு எத்தனை பேரு இருக்கோ அத்தனையும் சொல்லு."

"கரீமா" என்றாள் பெண். கொஞ்சம் நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோமளா" என்றாள், சின்னக் குரலில்.

"இன்னும் சத்தமா சொல்லுடி" என்றாள் மனோரமா.